இருபது நாள் வெயில்

"வெயில் பட்டா உங்க பொடி தண்ணியில இருக்கிற சாயத்தைத் தின்னுடும்னீங்களே! இருபது நாளா மண்டையைப் பிளக்குது வெயில். தொட்டித் தண்ணி அப்படியே சிவப்பா கிடக்கு. நாளைக்குப் பட்டறைக்குச் சீல் வைக்க வர்றாங்க. படிச்சவங்க பேச்சைக் கேட்டதுக்கு என்னைச் செருப்பால அடிக்கணும்!"

சாயப்பட்டறை முதலாளி போனில் கத்திய கத்தலில், பொடியைக் கண்டுபிடித்த ஆராய்ச்சிக்காரி அலறியடித்து வந்து சேர்ந்தாள்.

"பொடியை அளவாப் போட்டீங்களா?"

"எனக்கே பாடமா? ஒரு பிடி கூடவே போட்டேன்."

"தினமும் கலக்கினீங்களா?"

"நானே நின்னு கலக்கினேன். வந்து பாருங்க, உங்க படிப்போட லட்சணத்தை!"

பின்பக்கம் அழைத்துப்போய்ப் பூட்டைத் திறந்தார். உள்ளே கும்மிருட்டு. சுவிட்சைத் தட்டினார். நாலு பக்கமும் சுவர், மேலே புத்தம் புதுத் தகரக் கூரை, நடுவில் தொட்டி.

"இந்தக் கூரை எப்போ போட்டது?"

"பொடி கொட்டின அன்னிக்கே. இவ்வளவு காஸ்ட்லியான பொருளை வெயில்ல காயவிட நான் என்ன முட்டாளா?"