பரிசு வாங்கிய படம்

"சுத்த அறுவை. இதுக்குப் போயா இத்தனை பரிசு?"

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்படிச் சொன்ன ஓக்-பூன் அக்கா வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

கொரியாவின் இஞ்சோன் நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பு அது. அங்கே பொதுக் கூடத்தில் பெண்கள் சங்கம் மாதம் ஒரு படம் போடும். இந்த மாதம், உலகமெல்லாம் பரிசு அள்ளிய ஒரு கொலைப் படம். இருபது மாடிக் கட்டடத்து வாசலில் ஒருவன் ஒரு பெண்ணைத் துரத்தித் துரத்திக் குத்துகிறான். அத்தனை வீட்டு ஜன்னலிலும் ஆட்கள் நின்று பார்க்கிறார்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். மறுநாள் போலீஸ் வந்து கேட்டால் யாருமே எதையுமே பார்க்கவில்லை. அவ்வளவுதான் கதை.

"அறுவையா? எனக்கு இன்னும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது," என்றாள் சங்கத் தலைவி யாங்-ஹீ. "சே, என்ன ஜென்மங்க! அந்த ஜன்னல் விளக்கு ஒண்ணொண்ணா அணையற இடம் இருக்கே, அதுக்கே பரிசு குடுக்கலாம்."

"பொண்ணு குத்துப்பட்டு விழறதை அவ்வளவு அழகா எடுத்திருக்கான். அழகா எடுக்கற சமாச்சாரமா அது? சரி, கடைசியிலயாவது கொலைகாரனைப் பிடிச்சானா? அதுவும் இல்ல," என்றாள் அக்கா.

"அதாங்க்கா கலை," என்றாள் கியூ-பின் அம்மா.

"கலையோ கத்தரிக்காயோ! இருபது மாடியில ஒருத்திகூடவா கதவைத் திறந்து 'டேய்'னு கத்த மாட்டா? அதைத்தான் பொய்ங்கறேன்."

"இந்தக் காலத்துல யாரு யாருக்காகக் கதவைத் திறக்கறா? அதான் நிஜம்."

"ஏன், நீ திறக்க மாட்டியா?"

"நான் திறப்பேன். நான் ஊரைச் சொன்னேன்."

"நானும் திறப்பேன்," என்றாள் பக்கத்தில் இருந்தவள். "நான் படியிறங்கியே ஓடுவேன்," என்றாள் யாங்-ஹீ. ஆளாளுக்குத் திறந்தார்கள். ஐந்து நிமிடத்தில் அந்தக் கூடத்தில் திறக்காத கதவே இல்லை.

"அப்ப படம் பொய்தானே?" என்றாள் அக்கா, வாயில் கிழங்கோடு.

யாங்-ஹீக்கு எரிச்சல் வந்துவிட்டது. "உங்களுக்கு டி.வி. சீரியல்தான்கா லாயக்கு. மாமியார்க்காரி மருமக மூஞ்சியில தண்ணியை விசிறி அடிக்கணும், அப்பத்தான் உங்களுக்குக் கதை. இதெல்லாம் புரிய மனசுல கொஞ்சம் ஈரம் வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வரிசையில் இருந்த சே-ரின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் படத்தையே சரியாகப் பார்க்கவில்லை.

அவள் மகள் சே-ரின் பள்ளிக்கூடத்துப் பெண். போன வாரம் டியூஷன் முடிந்து வரும்போது, கீழ்த்தளத்தில் கார் நிறுத்தும் இடத்தில் எவனோ பின்னாலிருந்து பிடித்து இழுத்திருக்கிறான். உதறிக்கொண்டு ஓடியதில் விழுந்து கை முறிந்துவிட்டது. அந்த மூலையில் இருந்த கேமரா வேலை செய்யவில்லை. ஆள் யாரென்று தெரியவில்லை. அன்றிலிருந்து அந்தப் பெண் வீட்டு வாசலைத் தாண்ட மறுக்கிறாள்.

லிஃப்டில் எதை ஒட்டுவதானாலும் சங்கத்தின் முத்திரை வேண்டும். முத்திரை இல்லாத காகிதத்தைக் காவலாளி கிழித்துப் போட்டுவிடுவார். படம் பார்த்து எல்லோர் மனசும் இளகியிருக்கிற நேரம், கேட்டால் இப்போதுதான் கேட்க வேண்டும் என்று சே-ரின் அம்மா எழுந்து முன்னால் வந்தாள்.

"தலைவியம்மா, அன்னிக்கு யாராவது எதையாவது பார்த்திருந்தா சொல்லுங்கன்னு எழுதிக் கொண்டு வந்திருக்கேன். எல்லா லிஃப்ட்லயும் ஒட்டணும். முத்திரை போட்டுக் குடுங்க."

யாங்-ஹீ வாங்கிப் படித்தாள். "பாவம், குழந்தை," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இப்பவேவா ஒட்டணும்? புது ரயில் நிலையம் நம்ம வாசலுக்கே வரப்போகுது. வீடு வாங்க தினம் ஆளுங்க வந்து பார்த்துட்டுப் போறாங்க. லிஃப்ட்ல ஏறினதும் இதைப் படிச்சா, நம்ம வீட்டு விலை என்னத்துக்கு ஆகும் சொல்லுங்க?"

"போலீஸ்தான் பார்த்துக்கிட்டிருக்காங்களே," என்றாள் கியூ-பின் அம்மா.

"வயசுப் பொண்ணு. நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்," என்றாள் இன்னொருத்தி.

"கொஞ்ச நாள் போகட்டுமே."

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, டீக் கோப்பைகளை எடுத்து வைக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தியும் சே-ரின் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் காகிதத்தை மடித்தாள்.

ஓக்-பூன் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். காகிதத்தை அவளிடமிருந்து வாங்கிப் பிரித்தாள்.

"இதுல என் போன் நம்பரையும் எழுது. எவனாவது கூப்பிட்டு மிரட்டினா என்னை மிரட்டட்டும். அந்த மேசை மேல இருக்கற டேப்பை எடுத்துக்க. முதல்ல எங்க லிஃப்ட்லயே ஒட்டுவோம், வா."

"அக்கா! முத்திரை இல்லாம ஒட்டினா காவலாளி கிழிச்சுடுவார்."

"கிழிக்கக் கிழிக்க ஒட்டறேன். எனக்கு வேற என்ன வேலை?"

யாங்-ஹீ வழியை மறித்து நின்றாள். "யோசிச்சுத்தான் செய்யறீங்களா? உங்க வீட்டையும்தானே விக்கப் போட்டிருக்கீங்க? அந்த விலையும்தான் விழும்!"

"விழட்டும். அந்தப் படம் பொய்னு சொன்னவ நான் ஒருத்திதான். என் வார்த்தையை நான்தானே காப்பாத்தணும்?"