பத்துக் கை

"'உன் புருஷன் சோம்பேறி, பூவம்மா. இந்த ஜனங்க சோம்பேறியா இருக்கறதாலதான் நாடு ஏழையா இருக்கு'ன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க? சோம்பேறியை சிங்கப்பூருக்கு அனுப்பறதுல உங்களுக்கு என்னம்மா நஷ்டம்?"

கொல்லை வாசலில் நின்று கேட்டாள் பூவம்மாள். வார்த்தை மாறாமல் என் வசனம்.

அவள் புருஷன் மருதையன் எங்கள் வயல் ஆள். சிங்கப்பூர் கட்டட வேலைக்கு ஃபாரம் வந்திருந்தது. முழுக்க இங்கிலீஷ். தெருவிலேயே கான்வென்ட் படிப்பு எனக்கு மட்டும்தான். "கொடு, நான் எழுதறேன்" என்று பெருமையாக வாங்கி வைத்துப் பத்து நாளாகிறது. இன்று சாயங்காலத்துக்குள் ஏஜெண்டிடம் சேர வேண்டும்.

"சிங்கப்பூர் ஏன் பணக்கார ஊர் தெரியுமா? அங்கே எல்லாரும் உழைக்கிறாங்க" என்றேன், எங்கள் கான்வென்ட் சிஸ்டர் மாதிரியே விரலை நீட்டி.

"இவரும் இங்க விடியறதுக்குள்ள சேத்துல இறங்கறாரும்மா. அங்க ஒரு நாள் கூலி, இங்க பத்து நாள் கூலியாம். கடலைத் தாண்டினா பத்துக் கையா முளைக்கும்?"

நீட்டிய விரலை மடக்கிக்கொண்டேன்.

"அங்கே மிஷின் இருக்குடி."

"நீங்களும் டிராக்டர் வாங்கலாமேம்மா?"

நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து வீட்டில் என் பெயருக்கு மாற்றிய நிலம். அதற்கு டிராக்டர் வாங்க வைத்திருந்த பணம் என் காதில் வைரத்தோடாக மின்னிக்கொண்டிருந்தது. தலையை ஆட்டாமல் நின்றேன்.

"ஃபாரத்தை எங்கேயோ வச்சுட்டேன். தேடிப் பார்க்கறேன்."

"வேணாம்மா. தைக்கால் தெரு நஃபீசா அக்காகிட்ட இன்னொரு ஃபாரம் இருக்காம். அவங்க வீட்டுக்காரருக்கும் அவங்கதான் எழுதினாங்களாம். எட்டாவதுதான் படிச்சவங்க. நீங்க கான்வென்ட்டாச்சேன்னுதான் முதல்ல இங்க வந்தோம்."

திரும்பி நடந்தாள்.

உள்ளே போய் பீரோவைத் திறந்தேன். பட்டுப்புடவைக்கு அடியில் ஃபாரம் பத்திரமாக இருந்தது. வாங்கின அன்றைக்கே, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல், அழகான கான்வென்ட் கையெழுத்தில் எழுதி முடித்தது. சம்பா நடவு முடியட்டும் என்று நான்தான் மடித்து வைத்திருந்தேன்.

அதை அப்படியே விட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினேன். பூவம்மாள் வாய்க்கால் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

"பூவம்மா! இந்த நடவை மட்டும் முடிச்சுக் கொடுத்துட்டுப் போகச் சொல்லுடி! அவனை மாதிரி உழைக்க இந்தக் குடவாசல் பக்கத்துலயே ஆள் கிடையாது!"