போன்ற

"பதினோராயிரம் இல்ல சார், பதினோராயிரத்து நானூத்தி ஆறு. முதல் வெற்றியாச்சே, அதுல ஒரு ஓட்டைக் குறைச்சாலும் ஐயா உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாரு."

அச்சகக்காரர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். செயலாளர் பேனாவை எடுத்துத் திருத்திக்கொண்டார். தலைநகரிலிருந்து வந்து சட்டமன்ற உறுப்பினரிடம் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஆறாவது தேர்தலுக்கான துண்டறிக்கை அவருடைய முதல் பெரிய வேலை. இதில் பேர் வாங்கிவிட்டால் அப்புறம் கவலை இல்லை.

"எல்லாம் விரல் நுனியில வச்சிருக்கீங்களே அண்ணே!"

"அஞ்சு தேர்தலுக்கும் அடிச்சவன் சார். முதல் தடவை சுயேச்சை. ரெண்டாவது கட்சியில சேர்ந்து ஜெயிச்சாரு. மூணாவது தடவை தொள்ளாயிரம் ஓட்டுல கவுந்தாரு. நாலாவதுக்குக் கட்சி மாறினாரு, முந்நூத்திப் பன்னெண்டு ஓட்டுல தப்பிச்சாரு. போன தடவை ஆறாயிரம்."

உள் அறையில் ஒரு பெண்மணி தரையில் அமர்ந்து தாள் மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பை அளவுகோலால் அழுத்தித் தேய்க்கும் சத்தம் சீராகக் கேட்டது.

"மூணாவது தடவை ஏன் தோத்தாரு?"

"அந்தத் தடவை இந்தப் படத்தைப் போடலை."

அச்சகக்காரர் பழைய துண்டறிக்கையை மேசைமேல் விரித்தார். இடுப்பளவு ஆற்றுநீரில் இளவயது உறுப்பினர் நிற்கிறார். அவர் கைகளில் ஒன்பது வயதுச் சிறுமி, கண் மூடியிருக்கிறாள், ஒரு காலில் மட்டும் பள்ளிக்கூடச் செருப்பு. அக்கரைப் பள்ளிக்குப் போன படகு கவிழ்ந்த அன்று எடுத்த படம். 'இந்த ஆற்றுக்குப் பாலம் கட்டாமல் ஓயமாட்டேன்' என்று அடியில் கொட்டை எழுத்தில் இருந்தது.

"பாலம் என்ன ஆச்சு அண்ணே?"

"அடிக்கல் இருக்கு சார். ரெண்டு தடவை நாட்டினாங்க, ரெண்டு கல் இருக்கு. ஒண்ணுமேல ஒண்ணு வச்சு ஏறி நின்னா அக்கரை நல்லாத் தெரியும்."

செயலாளர் சிரித்துவிட்டார். அச்சகக்காரர் சிரிக்கவில்லை.

"ஒரு வேடிக்கை பாருங்க. முதல் தேர்தல்ல 'நம் ஊர்ச் சிறுமி'ன்னு போட்டோம். ரெண்டாவதுல 'என் மகள் போன்ற சிறுமி'ன்னு எழுதி வந்துச்சு. சரி, பாசம்னு நெனச்சு அடிச்சேன். நாலாவதுல வெறும் 'என் மகள்'னு இருக்கு. 'போன்ற' விட்டுப்போச்சு, கைப்பிழைன்னு நெனச்சு நானே ஓடிப்போய்க் கேட்டேன். பிழை இல்ல, அப்படியே அடின்னுட்டாரு."

"மேடைப் பேச்சுல அதெல்லாம் சகஜம்தானே?"

"சகஜம்தான் சார். போன தடவை மேடையிலயே கண்ணீர் விட்டாரு. 'தகப்பன் வலி தகப்பனுக்குத்தான் தெரியும்'னாரு. கூட்டமே அழுதுச்சு."

"இவ்வளவு கசப்பா பேசறீங்க. அப்புறம் ஏன் ஒவ்வொரு தடவையும் அடிச்சுத் தர்றீங்க?"

அச்சகக்காரர் மை படிந்த விரல்களைத் துணியில் துடைத்தார். "படம் வீடுவீடாப் போனா ஜனங்களுக்குப் பாலம் ஞாபகம் வரும். என்னைக்காவது ஒருத்தராவது 'எங்கே பாலம்?'னு அவரைக் கேப்பாங்க. அந்த நப்பாசைதான்."

இதுதான் சமயம் என்று செயலாளர் கைப்பேசியை எடுத்தார். உறுப்பினரே தோளில் தட்டிக்கொடுத்துப் பாராட்டிய யோசனை அது. சொல்லும்போதே அவருக்குப் பெருமையாக இருந்தது.

"இந்தத் தடவை பழைய படம் வேணாம் அண்ணே. இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு, மங்கிப்போச்சு. செத்த பிள்ளை படத்தைப் பார்த்தா இந்தக் காலத்து ஆளுங்க முகத்தைத் திருப்பிக்குவாங்க. இதோ பாருங்க, அழகா சிரிக்கிற ஒரு குழந்தை. 'என் மகளின் கனவு'ன்னு மேல போடுவோம். பாலம் பத்தின வரியை எடுத்துடுவோம்."

"இது யாரு?"

"யாரோ! இணையத்துல கிடைச்சது. எந்தக் குழந்தையா இருந்தா என்ன, யாருக்குத் தெரியப்போகுது?"

உள் அறையில் அளவுகோல் சத்தம் நின்றுவிட்டது.

அச்சகக்காரர் கைப்பேசியில் சிரித்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தார்.

"ஆத்துல போன பிள்ளையைப் பெத்தவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்?"

"கேக்கலாம்னுதான் நானும் சொன்னேன் அண்ணே. ஆனா அந்தக் குடும்பம் அந்த வருஷமே ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சாமே? ஐயாதான் சொன்னாரு."

உள் அறையிலிருந்த பெண்மணி எழுந்து வாசற்படிக்கு வந்து நின்றார். அச்சகக்காரர் அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

"அவளை இந்தக் கரையில தனியா விட்டுட்டு நாங்க எங்க சார் போவோம்?"