கடைசி வரி

“இந்த மசோதாவை வாங்க முடியாது சார். கடைசி வரி சரியில்ல.”

டாரல் ராட்லிஃபுக்கு ரத்தம் தலைக்கேறியது. இருபது வருடம் நிலக்கரி வெட்டியவர். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலை ஜனங்கள் இந்த முறைதான் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

மசோதா கொடுக்க இன்றே கடைசி நாள். ஐந்து மணிக்கு மசோதா போடும் பெட்டியைப் பூட்டிவிடுவார்கள். மணி நாலு நாற்பது.

“இந்தச் சட்டம் போட அரசியலமைப்புல எந்தப் பிரிவு அதிகாரம் தருதுன்னு எழுதணும். நீங்க என்ன எழுதியிருக்கீங்க?” செயலக எழுத்தர் வெர்னா லைக்கின்ஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தாள். “‘ஜனங்க கேக்கறாங்க, அது போதும்.’”

“போதாதா? நிலக்கரித் தூசியில நுரையீரல் போனவங்களுக்கு நஷ்டஈடு கேக்கறேன். என் வீட்டுக்கா கேக்கறேன்?”

“போதாது.”

“சபாநாயகரைக் கூப்பிடுவேன்!”

“தாராளமா. அவருக்கும் இதே பதில்தான்.”

“ஏசியில உக்காந்து முத்திரை குத்தறவங்க நீங்க. மூச்சுக்குத் தவிக்கறதைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?”

 வெர்னா மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய அரசியலமைப்புப் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் தள்ளினாள். கல்நெஞ்சக்காரி என்று முணுமுணுத்தபடி டாரல் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

புத்தகம் தானாகவே ஒரு பக்கத்தில் திறந்துகொண்டது. ஓரமெல்லாம் நைந்திருந்தது. சுரங்கத் தொழிலாளர் உயிரையும் உடலையும் காக்கச் சட்டம் இயற்றலாம் என்ற பிரிவின் கீழே பென்சில் கோடு, அழுத்தி அழுத்திப் போட்டது.

கடைசி வரியை அடித்துவிட்டு அந்தப் பிரிவு எண்ணை எழுதிக்கொண்டு ஓடினார். மணி நாலு ஐம்பத்தேழு. முத்திரை விழுந்தது, மசோதா பெட்டிக்குள் போனது.

“விடுவேனா நான்?” என்று நெஞ்சை நிமிர்த்தினார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் கேட்கத் தோன்றியது. “இந்த ஒரு பக்கம் மட்டும் ஏன் மேடம் இப்படி நைஞ்சிருக்கு?”

“பன்னெண்டு வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு மசோதா வந்துச்சு. பாவம்னு எதுவும் கேக்காம நான்தான் முத்திரை குத்தினேன். சட்டமாச்சு. எந்தப் பிரிவுன்னு சுரங்கக் கம்பெனி வக்கீல் கோர்ட்ல கேட்டான். பதில் சொல்ல ஒருத்தராலயும் முடியல, சட்டமே செல்லாதுன்னுட்டாங்க. இந்தப் பிரிவை நான் தேடிக் கண்டுபிடிச்சப்போ எல்லாம் முடிஞ்சிருந்துச்சு.”

வெர்னா பெட்டியைப் பூட்டினாள்.

“அந்த வழக்குல நஷ்டஈடு கேட்டுத் தோத்தது என் வீட்டுக்காரர் சார். தீர்ப்பு வந்த மூணாம் நாள் மூச்சு நின்னுபோச்சு.”