ஒருவருக்கு ஒரு பெயர்

அரசு மருத்துவக் காப்பீட்டில் யாரும் தன் பெயரைத் தானே சேர்க்க முடியாது. இன்னொருவர்தான் சேர்க்க வேண்டும். ஒருவர் ஒரு பெயரை மட்டுமே சேர்க்கலாம்; ஒருவர் சேர்த்த பெயரை மற்றொருவர் மறுபடி சேர்க்க முடியாது. செண்பகம் தன் கணவன் இளம்பரிதியின் பெயரைச் சேர்க்கப் போனபோது, அவனுடைய முதல் மனைவி மேகலா முந்திக்கொண்டிருந்தாள். விவாகரத்தாகி ஆறு வருடம். மேகலாவுக்குச் சிறுநீரகம் பழுது என்பதும் செண்பகத்துக்குத் தெரியும்.

பெயர் சேர்க்கக் கடைசி நாளன்று சட்டசபையில் கெடுவை நீட்டுவது பற்றிக் காரசாரமான விவாதம். “இத்தனை நாள் தூங்கினவங்களுக்கு எதுக்குச் சலுகை?” என்று ஓர் உறுப்பினர் கத்தினார். இளம்பரிதி டிவியை விட்டு நகரவில்லை. அவன் இன்னும் யார் பெயரையும் சேர்க்கவில்லை. பத்து நாள் நீட்டிப்பு என்று அமைச்சர் அறிவித்ததும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான்.

செண்பகத்துக்கு வயிறு எரிந்தது. என் பெயரை எழுத இவருக்கு இன்னும் பத்து நாள் யோசனையா? போனை எடுத்து, தன் பங்குக்கு மேகலாவின் பெயரைச் சேர்த்து அவனிடம் காட்டினாள்.

அவன் கண் கலங்கிவிட்டது. “உனக்கு எவ்ளோ பெரிய மனசு, செண்பகம்!”

“மனசுமில்ல, மண்ணுமில்ல. இப்ப நீங்க எழுதறதுக்கு என் பேரு மட்டுந்தாங்க மிச்சம். எழுதுங்க.”

அவன் எழுதி முடிக்கும்வரை அவள் அந்தப் போன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.