செல்லாத்தாளின் வெட்கம்

வெட்கப்படத் தெரியாத பெண் வேண்டாம் என்று வந்த இடங்களையெல்லாம் தட்டிக் கழித்தவன் நாச்சிமுத்து. 1939 தையில் அவிநாசிக்குப் பெண் பார்க்கப் போனபோது, வெற்றிலைத் தட்டோடு வந்த செல்லாத்தாளின் முகமும் கழுத்தும் குங்குமமாய்ச் சிவந்தன. அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டான்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்தச் சிவப்பை அவன் பார்க்கவேயில்லை. ஆடி நோன்பன்று தோட்டத்திலிருந்து வந்தவன் அசந்து நின்றான். அவள் முகம் அதேபோலச் சிவந்திருந்தது.

“ஏன் அம்மணி, என்னையப் பாத்தா இன்னும் வெக்கமா?”

“நாக்குப் புண்ணு திரும்ப வந்துருச்சுங்க. கோயமுத்தூர் டாக்டர் முன்னால குடுத்த வைட்டமின் மாத்திரையைப் போட்டனுங்க. மொகம் செவக்கும், பயப்பட வேண்டாம்னு அப்பவே சொன்னாருங்க.”

நாச்சிமுத்து மெல்லக் கேட்டான். “அப்ப, பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு?”

“அன்னைக்கு ரெண்டு போட்டுட்டனுங்க.”