அசையாம இருங்கண்ணே

ஆறு வருஷம் புரொடக்‌ஷன் அசிஸ்டென்ட்டாக டீயும் சாப்பாடும் சுமந்த ஆரோக்கியதாஸ், அன்று காலைதான் உதவி இயக்குநர் ஆனான்.

“இழவு வீட்டு சீன். இலுப்பூர் பக்கத்துக் கிராமம். பந்தல் போட்ட வீடு, போனதும் தெரியும். நான் வர்றதுக்குள்ள ரெடி பண்ணி வை” என்றார் டைரக்டர்.

பைக்கில் போய் இறங்கினான். யூனிட் ஆட்கள் டிபனுக்குப் போயிருக்க வேண்டும். கூட்டம் தயாராக இருந்தது. பிணமாகப் படுத்திருந்தவருக்குத் தாடையைக் கட்டி, நெற்றியில் காசு வைத்திருந்தார்கள். தலைமாட்டில் ஒரு பெண் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க.”

வாசலை மறைத்தவர்கள் நகர்ந்தார்கள். மாலையைச் சரிசெய்துவிட்டு, படுத்திருந்தவரின் காதருகே குனிந்தான்.

“அண்ணே, கண்ணு மட்டும் அசையாம பாத்துக்கங்க. அரை மணி நேரந்தான், எந்திரிச்சிரலாம்.”

அவரிடம் மூச்சுகூடத் தெரியவில்லை. என்ன நடிப்பு என்று வியந்தான்.

போன் அடித்தது.

“எங்கய்யா இருக்க? கீழத்தெருவுக்கு வந்து பத்து நிமிஷமாச்சு. பொணமா நடிக்கிறவரு டீ கேட்டு உக்காந்திருக்காரு!” டைரக்டர் கத்தினார்.

ஆரோக்கியதாஸின் இன்னொரு கை படுத்திருந்தவரின் தோளில் இருந்தது. தோள் சில்லிட்டிருந்தது.

தலைமாட்டில் இருந்த பெண் நிமிர்ந்தாள்.

“எந்திரிச்சிரலாம்னு அவருகிட்ட சொன்னீங்களே தம்பி... நெசமாவா?”

போனில் டைரக்டர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்.

“சார், நான் ஒரு துக்கத்துல இருக்கேன். முடிஞ்சதும் வாரேன்” என்று சொல்லிவிட்டு, இறந்தவரின் கால்மாட்டில் உட்கார்ந்தான்.